சம்மனில் இருக்கும் அந்தப் பெயர்: தேர்தலில் வென்ற நீதிமன்ற எழுத்தரால் உங்கள் மகளின் வழக்கில் என்ன செய்ய முடியும்?

கும்பகோணத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் அவருடைய மகளுக்கு, கணவன் தொடுத்த விவாகரத்து வழக்கின் சம்மன் வந்திருக்கிறது. சம்மனின் அடியில் ‘டிஸ்ட்ரிக்ட் கிளார்க்’ (மாவட்ட நீதிமன்ற எழுத்தர்) என்று ஒருவருடைய பெயரும் முத்திரையும் இருக்கின்றன. அவர் ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று தேர்தலில் வென்றவர் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அந்த ஊரில் வசதியாக இருப்பவர், அந்தக் கிளார்க்குக்குத் தேர்தல் நிதியும் கொடுத்தவராம். ‘அப்படியென்றால் என் மகளுக்கு நியாயம் கிடைக்குமா? அந்த அதிகாரியை யார் மூலமாவது பார்த்துப் பேசலாமா?’ என்பது அவர் எழுதிய கேள்வி. ஐயா, நீங்கள் உண்மையில் கேட்பது, வழக்கின் முடிவு அந்த மனிதர் கையில் இருக்கிறதா என்பதைத்தான். இல்லை. ஆனால் அவருடைய அலுவலகத்தின் கையில் வேறொன்று இருக்கிறது. அது உங்கள் மகளின் நாட்கணக்கு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. டெக்சாஸில் ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதி) டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்தில், குடும்ப வழக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் துணை எழுத்தராக வேலை பார்த்தவன். அதற்கும் முன்னால், ஊரில் என் அப்பா முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தார். சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வருவதும் அவருடைய வேலை. ஆகவே நீதிமன்றத்தின் காகிதப் பக்கத்தை இரண்டு நாடுகளிலும் அருகிலிருந்து பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் மகளின் வழக்கில் யார் பக்கம் நியாயம் இருக்கிறது, சொத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பவற்றுக்கு என்னிடம் பதில் கிடையாது. அதற்கு டெக்சாஸில் உரிமம் பெற்ற குடும்ப வழக்கறிஞர்தான் வேண்டும்.

நம் ஊர்க் குடும்ப நீதிமன்றத்தில் சிரஸ்தார், தலைமை எழுத்தர், பெஞ்ச் கிளார்க் எல்லோரும் அரசு ஊழியர்கள். தேர்வு எழுதி வந்தவர்கள், நீதிபதிக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களுக்கு மக்கள் ஓட்டுப் போடுவதாக நம்மால் நினைத்துப் பார்க்கவே முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நீதிபதியையும் நீதிமன்ற அலுவலரையும் ஆளுநர் தமக்கு வேண்டியவர்களாகப் பார்த்து நியமிப்பது கூடாது, மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஓங்கியது. 1832இல் மிசிசிப்பியும் 1846இல் நியூயார்க்கும் நீதிபதிகளைத் தேர்தலுக்குக் கொண்டுவந்தன. டெக்சாஸில் இன்றும் நடப்பில் இருப்பது 1876இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு. அதன் ஐந்தாம் பிரிவு, ஒவ்வொரு கவுண்டியிலும் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒரு எழுத்தரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஆளுநர் தேர்தல் நடக்கும் அதே நவம்பரில் இந்தத் தேர்தலும் நடக்கும், கட்சி அடிப்படையிலேயே நடக்கும். 254 கவுண்டிகளிலும் இதே முறைதான். மிகச் சிறிய கவுண்டிகளில் மட்டும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், கவுண்டி கிளார்க் என்ற இரண்டு எழுத்தர் பதவிகளையும் ஒருவரே பார்ப்பார். பெரிய கவுண்டிகளில் திருமணப் பதிவுக்கான உரிமத்தைக் கவுண்டி கிளார்க் கொடுப்பார், விவாகரத்து மனுவை டிஸ்ட்ரிக்ட் கிளார்க் வாங்குவார். இருவரும் தனித்தனியே தேர்தலில் வென்றவர்கள். இந்த இரண்டு அலுவலகங்களையும் குழப்பிக்கொண்டு தவறான கட்டடத்தில் வரிசையில் நின்றவர்களை வாரந்தோறும் பார்த்திருக்கிறேன்.

எல்லா மாநிலங்களிலும் இப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். மாசசூசெட்ஸில் குடும்ப நீதிமன்றத்துக்கென்றே ‘ரிஜிஸ்டர் ஆஃப் ப்ரோபேட்’ என்ற பதவி இருக்கிறது. அவரையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆறு ஆண்டுகளுக்கு. ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகளிலும் நீதிமன்ற எழுத்தர் அரசியலமைப்புப் பதவி. கலிஃபோர்னியாவிலோ நீதிமன்ற நிர்வாகியை நீதிபதிகளே நியமிக்கிறார்கள். உங்கள் மகளின் சம்மன் டெக்சாஸிலிருந்து வந்தது என்பதால் இனிமேல் எழுதுவதெல்லாம் டெக்சாஸைப் பற்றியே.

இப்போது அந்தச் சம்மனைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே டெக்சாஸ் மாநிலத்தின் பெயரில் உங்கள் மகளுக்கு விடுக்கப்பட்டதாக இருக்கும். கீழே ஐந்து முனை நட்சத்திரம் கொண்ட வட்ட முத்திரை. அதன் அருகில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் பெயர் அச்சிட்டிருக்கும். அதற்கும் கீழே ஒரு சிறு கோடும் அதன் மேல் ஒரு கையெழுத்தும், பக்கத்தில் ‘டெப்யூட்டி’ என்ற சொல்லும் இருக்கும். உண்மையில் அந்தச் சம்மனைத் தயாரித்தவர் அந்தச் சிறு கோட்டில் கையெழுத்திட்டவர்தான். அந்த இடத்தில் நான் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை கையெழுத்திட்டிருக்கிறேன். தேர்தலில் வென்றவர் பெரும்பாலான சம்மன்களைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. பட்ஜெட்டுக்காகக் கவுண்டி ஆணையர்களிடம் போராடுவதும், ஊழியர்களை நியமிப்பதும், ஜூரி அழைப்புகளை மேற்பார்வையிடுவதும், நீதிமன்றத்தில் கட்டப்பட்ட பணத்துக்குக் கணக்குச் சொல்வதுமே அவருடைய நாட்களைத் தின்றுவிடும். நான் இருந்த காலத்தில் ஒருமுறை கிளார்க் தேர்தலில் தோற்று, ஜனவரி முதல் தேதி புதியவர் வந்தார். அன்று மாறியவை, அச்சிட்ட தாள்களின் தலைப்பும் பெயர் முத்திரையும். மனுக்களும் மேசைகளும் நாங்களும் அப்படியே இருந்தோம். ஒரு வழக்கின் போக்குகூட அதனால் மாறியதில்லை.

அதே சம்மனில் இன்னொரு வாக்கியம் இருக்கும். எங்கள் முகப்பில் நின்றவர்களில் பாதிப்பேர் அதைப் படிக்காமல்தான் வந்தார்கள். சம்மன் கையில் கிடைத்து இருபது நாள் முடிந்த பிறகு வரும் திங்கட்கிழமை, காலை 10 மணிக்குள், இந்தச் சம்மனை விடுத்த எழுத்தரிடம் எழுத்து மூலம் பதில் தாக்கல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படலாம் என்று அது சொல்கிறது. நம் ஊரில் எக்ஸ்பார்ட்டி என்போமே, கிட்டத்தட்ட அதுதான். இந்தக் கணக்கு கேட்க எளிதாக இருக்கும், போடும்போது சறுக்கும். சம்மன் திங்கட்கிழமை கிடைத்தால் இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வரும். மறுநாளே கெடு. அதாவது 21 நாள்தான். அதுவே ஒரு நாள் தள்ளிச் செவ்வாய்க்கிழமை கிடைத்திருந்தால் இருபதாம் நாளே திங்கள். அது முடிந்து வரும் அடுத்த திங்கள்தான் கெடு என்பதால் 27 நாள் கிடைக்கும். ஆகவே முதல் வேலையாக, சம்மன் கைக்கு வந்தது எந்தத் தேதி, என்ன கிழமை என்பதை மகளிடம் கேட்டு எழுதி வையுங்கள். சம்மனில் அச்சிட்டிருக்கும் தேதி அது வெளியிடப்பட்ட நாள். கையில் கிடைத்த நாள் வேறு, கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. முப்பது வயதுக்குள் இருக்கும். பழுப்பு உறையை மார்போடு அணைத்துக்கொண்டு முகப்பில் வந்து நின்றார். என் பெயர்ப்பட்டையைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கினார். உறை பிரிக்கப்படவே இல்லை. ‘பிரித்தால் நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், வாங்கினதாகவே காட்டிக்கொள்ளாதே என்று அம்மா சொன்னார்கள்’ என்றார். கான்ஸ்டபிள் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. கணினியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். சம்மன் சேர்ப்பிக்கப்பட்டதற்கான சான்று எப்போதோ கோப்பில் ஏறியிருந்தது. நல்ல வேளையாகத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. கெடு கடந்துவிட்டாலும் தீர்ப்பு வழங்கப்படும் முன் ஒரு பதில் கோப்பில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு ஒருதலைத் தீர்ப்பு வழங்க முடியாது. பொதுவாக எல்லோருக்கும் வழங்கும் வெற்றுப் படிவத்தைக் கொடுத்தேன். அதில் என்ன எழுதுவது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சட்ட உதவி மையத்தின் எண்ணையும் கொடுத்தேன். சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதி, மூன்று மணி சுமாருக்குத் தாக்கல் செய்தார். முத்திரை இயந்திரம் விழும் சத்தம் கேட்டதும் அழுதுவிட்டார். சம்மனைப் பிரிக்காமல் வைத்திருப்பதால் எதுவும் நிற்காது, ஐயா. வாங்கிய கையோடு நாள் ஓடத் தொடங்கிவிடும்.

பதில் தாக்கல் செய்யாவிட்டாலும் கணவன் மனுவில் எழுதியதெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடாது. விவாகரத்து வழக்கில் அதை டெக்சாஸ் குடும்பச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது, மனுதாரர் சாட்சியம் சொல்லி நிரூபித்தாக வேண்டும். ஆனாலும் ஒரே பக்கத்தைக் கேட்டு முடிவெடுக்கும் நிலைக்கு நீதிபதியை விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பதில் தாக்கலுக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் மகளும் தன் பங்குக்கு எதிர்மனுப் போட்டு நிவாரணம் கேட்டால் கட்டணம் உண்டு. அதைக் கட்ட வசதியில்லை என்றால், இயலாமை உறுதிமொழிப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்கலாம். அதைக் கொடுத்தவரிடம் கட்டணம் கேட்டு மனுவை நிறுத்திவைக்க எழுத்தருக்கு அதிகாரம் இல்லை.

இந்த இடத்தில் 2016இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில்தான் இருக்கிறது. ஃபோர்ட் வொர்த் நகரம் அமைந்த டாரன்ட் கவுண்டியில், வசதியில்லை என்று உறுதிமொழி கொடுத்து விவாகரத்து வழக்கு நடத்திய ஏழைகள் சிலருக்கு, வழக்கு முடிந்த பிறகு டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகம் செலவுத் தொகைக்கான பில் அனுப்பியது. கட்டாவிட்டால் சொத்து பறிமுதலாகும் என்றும் எச்சரித்தது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உறுதிமொழியை யாரும் மறுத்து நிரூபிக்காத நிலையில் எழுத்தர் அப்படி வசூலிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை வாக்குகள் பெற்று வந்தவராக இருந்தாலும், விதி எழுதி வைத்ததைச் செய்வதுதான் எழுத்தரின் வேலை, தன் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

கென்டக்கி மாநிலத்தில் 2015இல் நடந்ததும் உங்கள் காதுக்கு எட்டியிருக்கலாம். ரோவன் கவுண்டியின் கவுண்டி கிளார்க் கிம் டேவிஸ், தன் மத நம்பிக்கையைக் காரணம் காட்டித் திருமண உரிமம் வழங்க மறுத்தார். கூட்டாட்சி நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பினார். ஐந்து நாள் உள்ளே இருந்தார். 2018இல் மக்களும் அவரைத் தோற்கடித்தார்கள். அவர் நீதிமன்ற எழுத்தர் அல்லர், அந்த மாநிலத்தில் அது தனிப் பதவி. ஆனாலும் இயல்பு ஒன்றுதான். இப்படிப்பட்ட பதவிகளில் இருப்பவர்கள் தாக்கலான மனுவுக்கு எண் போட வேண்டும், கேட்டவருக்குச் சம்மன் விடுக்க வேண்டும், நீதிபதி கையெழுத்திட்ட ஆணையைக் கோப்பில் ஏற்ற வேண்டும். இவர் நல்லவர், அவர் கெட்டவர், இவருடைய மனுவில் உண்மை இருக்கிறது என்றெல்லாம் எடைபோடும் அதிகாரம் சட்டத்தில் அவர்களுக்கு இல்லை. மனு சரியான வடிவத்தில் இல்லையென்றால்கூட டெக்சாஸ் விதிப்படி எழுத்தர் அதைத் திருப்பி எறிய முடியாது. என்ன குறை என்று சுட்டிக்காட்டித் திருத்திக் கொண்டுவர அவகாசம் தரலாம், அவ்வளவே. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும், வீடு யாருக்கு, ஜீவனாம்சம் எவ்வளவு என்பவற்றில் எழுத்தருக்குத் துளியும் பங்கில்லை. இது எனக்கு உறுதியாகத் தெரிந்தது, சந்தேகமில்லாமல் சொல்கிறேன்.

அப்படியானால் எழுத்தர் அலுவலகத்தால் கெடுதலே செய்ய முடியாதா என்று கேட்டால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தாமதம் செய்ய முடியும். ஒரு தாளை வேறு கோப்பில் ஏற்றிவிட முடியும். பல குடும்ப நீதிமன்றங்கள் உள்ள கவுண்டியில், டல்லாஸில் அப்படி ஏழு இருக்கின்றன, எந்த நீதிபதிக்கு எந்த வழக்கு போகிறது என்ற ஒதுக்கீட்டில் விளையாட முடியுமா என்ற சந்தேகமும் நியாயமானதே. நான் பார்த்த தாமதங்களில் ஏறக்குறைய எல்லாமே ஆள் பற்றாக்குறையாலும் கவனக்குறைவாலும் வந்தவை. ஒருவருக்குச் சாதகமாக வேண்டுமென்றே செய்ததை நான் பார்த்ததில்லை. நான் பார்க்காததால் எங்குமே நடக்காது என்று ஆகிவிடாது. ஆனால் தடயமில்லாமல் செய்வது கடினம். வழக்கறிஞர்கள் இணையவழியில்தான் தாக்கல் செய்ய வேண்டும், அதில் மணி நிமிடத்தோடு ரசீது வந்துவிடும். எழுத்தர் செய்ய வேண்டியதைச் செய்ய மறுத்தால், அதைச் செய்யச் சொல்லி ஆணையிடும் ரிட்டை நீதிமன்றத்தில் கேட்கலாம், நம் ஊர் மாண்டமஸ் போன்றதே அங்கேயும் உண்டு. எழுத்தர் பதவியேற்கும்போது பிணைப்பத்திரம் கொடுத்திருப்பார். பதவியில் முறைகேடு செய்தால் வழக்கு நடத்தி நீக்கவும் வழியிருக்கிறது. நீதிமன்ற ஆவணத்தைத் திருத்துவது குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. மாப்பிள்ளை தேர்தல் நிதி கொடுத்தாரா என்பதையும் வதந்தியாக விட்டுவைக்க வேண்டியதில்லை. வேட்பாளர்கள் பெற்ற நன்கொடைகளின் கணக்கு பொது ஆவணம், கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஐயா, தேர்தல் நிதியைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் நீங்கள் தவறான நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் மாவட்ட நீதிபதியும் கட்சி சார்பில் தேர்தலில் நின்று வென்றவர்தான், அவருக்கும் நான்கு ஆண்டுதான் பதவி. உங்கள் மகளின் வழக்கைத் தீர்மானிக்கப் போகிறவர் அவர். கட்சிச் சார்பில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது எனக்கு உடன்பாடில்லாத ஏற்பாடு, அங்கேயே பலர் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். எழுத்தரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நன்மையை மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுத்தர் நீதிபதிக்குக் கீழ் வேலை செய்பவர் இல்லை. கோப்பு மக்களுடையது, அதன் காவலர் எழுத்தர். தாக்கல் தேதி இன்னதென்று பதிவில் இருந்தால் அது அப்படித்தான் இருக்கும் என்று நீதிபதியின் அறையிலிருந்து வந்தவரிடமே எங்கள் மேற்பார்வையாளர் சொன்ன நாள் ஒன்று உண்டு. நீதிபதி நியமித்த ஊழியராக இருந்தால் அந்தத் துணிவு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். நீதிபதியின் மேல் உண்மையான ஐயம் இருந்தால், ஆதாரத்தோடு அவரை விலகக் கோரி மனுப்போட விதிகள் இருக்கின்றன. அது வழக்கறிஞர் வழியாக, மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய காரியம்.

‘யார் மூலமாவது பார்த்துப் பேசலாமா’ என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வேண்டாம், ஐயா. தயவுசெய்து வேண்டாம். எழுத்தரிடம் பேசிப் பயனில்லை, அவர் கையில் தீர்ப்பு இல்லை. நீதிபதியிடம் எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் பேசுவது தடைசெய்யப்பட்டது. உங்கள் மகள் சார்பில் யாரேனும் அப்படி முயன்றது தெரிந்தால் அவருடைய நம்பகத்தன்மைதான் கெடும். நீதிபதிக்குக் கடிதம் எழுதி எழுத்தர் அலுவலகத்துக்கு அனுப்பிய பெற்றோர்களை நான் அறிவேன். அந்தக் கடிதங்கள் கோப்பில் ஏறும், கணவனின் வழக்கறிஞரும் படிப்பார். ஒரு தந்தை, மகள் வேலைக்குப் போவதில்லை, மனம் உடைந்து படுத்தே கிடக்கிறாள் என்று இரக்கம் வேண்டி எழுதியிருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை என்று வாதிட எதிர்த்தரப்பு அதையே எடுத்துக்கொண்டது.

மகளே நேரில் போய் எழுத்தர் அலுவலகத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும். எதைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் மனம் நோகாது. என்னென்ன தாக்கலாகியிருக்கிறது, சம்மன் சேர்ந்ததற்கான சான்று எந்தத் தேதியில் ஏறியது, விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறதா, எந்தப் படிவம் எங்கே கிடைக்கும் என்றால் பதில் சொல்வார்கள். ‘நான் என்ன எழுத வேண்டும், இதற்குச் சம்மதிக்கலாமா, ஜெயிப்பேனா’ என்றால் சொல்ல மாட்டார்கள். அது அலட்சியம் இல்லை. சட்ட ஆலோசனை சொல்வது அவர்களுக்கு விலக்கப்பட்டது. நாளைக்குக் கணவன் வந்து அதே மேசையில் நின்று கேட்டாலும் அதே பதில்தான் வர வேண்டும் என்பதற்காகவே அந்த விலக்கு. வீட்டில் அடி உதை இருந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லட்டும். பாதுகாப்பு ஆணை கேட்டு மனுக் கொடுப்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கவுண்டியின் அரசு வழக்கறிஞர் அலுவலகமே அந்த மனுவைப் போடவும் வழியுண்டு. ஆபத்து தெளிவாகத் தெரிந்தால், எதிர்த்தரப்பைக் கேட்கும் முன்பே 20 நாளுக்குத் தற்காலிக ஆணை வழங்க நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது.

கணவன் வீட்டார் ‘சும்மா ஒரு கையெழுத்துதான்’ என்று ஒரு தாளை நீட்டினால் மகள் நிதானிக்க வேண்டும். சம்மன் வேண்டாம், விசாரணை பற்றிய அறிவிப்பும் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் பத்திரம் ஒன்று டெக்சாஸில் உண்டு. அதை நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதன் வாசகத்தைப் பொறுத்து, அவருக்குச் சொல்லாமலேயே வழக்கை முடிக்க வாசல் திறந்துவிடும். அது வந்ததும் எழுத்தர் கோப்பில் ஏற்றிவிடுவார். புரிந்து கையெழுத்திட்டாரா, மிரட்டி வாங்கினார்களா என்று யாரும் முகப்பில் கேட்க மாட்டார்கள். மனு தாக்கலான நாளிலிருந்து பொதுவாக 60 நாள் கழியாமல் விவாகரத்து வழங்க முடியாது என்பது விதி. அந்த 60 நாளும் அமைதியாகக் கழிந்து, 61ஆம் நாள் ஐந்தே நிமிடத்தில் முடிந்துபோன வழக்குகளில் இந்தப் பத்திரத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சம்மன் வரும் நேரத்தில் இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. உங்கள் மகளுக்குச் சம்மன் அங்கேயே கையில் கிடைத்துவிட்டதால் இது பொருந்தாது, படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தியாவில் இருப்பவருக்கு வெளிநாட்டுச் சம்மனைச் சேர்ப்பிக்க ஹேக் ஒப்பந்தப்படி வழி இருக்கிறது. அது மத்தியச் சட்ட அமைச்சகத்தின் மூலம் வர வேண்டும், நேரடித் தபாலில் அனுப்புவதை இந்தியா ஏற்கவில்லை. டெக்சாஸ் எழுத்தர் இதையெல்லாம் சரிபார்க்க மாட்டார், கேட்டபடி சம்மனை விடுத்துவிடுவார். முறைதவறி வந்திருந்தால் அது செல்லாது என்று எடுத்துச்சொல்ல வேண்டியது சம்மன் கிடைத்தவரின் பொறுப்பு. இதில் ஒரு சிக்கல். தன் மேல் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதிட விரும்புகிறவர், வேறு எந்தப் பதிலுக்கும் முன்னதாக அந்த ஆட்சேபத்தைத் தனி மனுவாகப் போட வேண்டும். அவசரப்பட்டுச் சாதாரணப் பதிலைப் போட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். இந்தியாவிலிருந்து பதில் சொல்கிறவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் தாக்கல் செய்யக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தீர்ப்பு வந்த பிறகும் எழுத்தரின் வேலை முடிவதில்லை. நீதிபதி கையெழுத்திட்டதும் இரு தரப்புக்கும் எழுத்தர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். மறு விசாரணை கோர 30 நாள்தான், அது கையெழுத்தான நாளிலிருந்து ஓடும். முகவரி மாறியதை எழுத்தரிடம் எழுதிக் கொடுக்காமல் விட்டு, அறிவிப்பு பழைய வீட்டுக்குப் போய், அங்கே இருந்த கணவனே அதை வாங்கிக் கிழித்துப் போட்ட வழக்கும் உண்டு. உங்கள் மகள் இப்போது தோழி வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முகவரி மாற்றத்தை இந்த வாரமே தாக்கல் செய்யட்டும். வழக்கு முடிந்ததும் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் இரண்டோ மூன்றோ வாங்கிவைக்கட்டும். இந்தியாவில் அதைக் காட்ட வேண்டி வந்தால் எழுத்தர் சான்றிட்ட நகலின் மேல் டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகத்தின் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணத்தை உறுதிப்படுத்தும் முத்திரை) வேண்டும். நகல் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிசௌரி மாநிலத்தில் பெறப்பட்ட ஒரு விவாகரத்தைப் பற்றி நம் உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. இந்து திருமணச் சட்டம் ஏற்காத காரணத்தில், மனைவி உண்மையில் பங்கேற்காமல் பெற்ற அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மகள் பதில் கொடுத்து வழக்கை நடத்தினால், முடிவு இங்கே எப்படி ஏற்கப்படும் என்பது அவர் என்ன நிலைப்பாடு எடுத்தார், எந்தக் காரணத்தில் விவாகரத்து வழங்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்தது. இதை இரண்டு நாட்டுச் சட்டமும் அறிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்று இரவே மகளை அழைத்து, சம்மன் கையில் கிடைத்த கிழமையைக் கேளுங்கள். காலண்டரில் இருபது நாள் எண்ணி, அதற்கடுத்த திங்களை வட்டமிடச் சொல்லுங்கள். அந்தத் திங்களுக்கு முந்தைய வாரத்திலேயே வழக்கறிஞரோ அவரோ பதிலைத் தாக்கல் செய்துவிட வேண்டும். நேரில் போனால் பதிலை இரண்டு பிரதியாக எடுத்துப் போகட்டும். ஒன்றை எழுத்தர் வைத்துக்கொள்வார். மற்றொன்றில் தேதியும் நேரமும் விழுந்த முத்திரையோடு திருப்பித் தரச் சொல்லி வாங்கி, நேரம் தெளிவாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முகப்பை விட்டு நகரட்டும்.